மூன்றாவது பின்

'ஸ்டூடியோ மானிட்டர்' என்று சொன்னால் பாதிப் பேர் கம்ப்யூட்டர் திரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேருக்கு, வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதும் கிளாஸ் லீடர் ஞாபகம் வருகிறது. இந்த இரண்டாவது கோஷ்டிதான் விஷயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டூடியோ மானிட்டர் என்பது ஒரு ஸ்பீக்கர். உங்களைச் சந்தோஷப்படுத்துவது அதன் வேலை இல்லை. பாட்டில் எங்கே தப்பு இருக்கிறது என்று போட்டுக் கொடுப்பதுதான் அதன் உத்தியோகம்.

நம் வீட்டு ஹோம் தியேட்டர், கார் ஸ்பீக்கர் எல்லாமே கொஞ்சம் பொய் சொல்லும். கல்யாண போட்டோகிராபர் மாப்பிள்ளையை ஒரு ஷேடு சிவப்பாகக் காட்டுவார் இல்லையா, அந்த மாதிரி. அடித்தொண்டையைக் கொஞ்சம் தூக்கும், ஜிங்ஜிங்கைக் கொஞ்சம் மெருகேற்றும். நமக்கும் அதுதான் பிடிக்கும். மானிட்டர் ஆதார் கார்டு போட்டோ. உள்ளது உள்ளபடி, சில சமயம் அதற்கும் கீழே.

இதற்கு உதாரணமாக ஒரு ஸ்பீக்கரின் கதையைச் சொல்வார்கள். யமஹா கம்பெனி 1978ல் என்.எஸ்-10 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டில் அலமாரியில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்காகச் செய்தது. கேட்டவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் 80களில் ரெக்கார்டிங் என்ஜினீயர்கள் அதைத் தூக்கி மிக்ஸிங் மேஜை மேல் வைத்துக்கொண்டார்கள். காரணம் வேடிக்கையானது. 'இந்தக் கண்றாவியில் கேட்டே நன்றாக இருந்தால், வேறு எதில் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.' ட்வீட்டர் குத்துகிறது என்று அதன் முன்னால் டிஷ்யூ பேப்பர் ஒட்டி வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் உண்டு. 2001ல் யமஹா அதன் உற்பத்தியை நிறுத்தியது. இன்றைக்கும் பழைய ஸ்டூடியோ படங்களில், மிக்ஸர் மேல் வெள்ளை வட்டத்தோடு இரண்டு கறுப்புப் பெட்டிகள் தெரிந்தால் அது அநேகமாக அதுதான்.

அதெல்லாம் பெரிய இடத்து சமாசாரம், நமக்கென்ன என்று சும்மா இருக்க முடியாதபடி ஸ்டூடியோ இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. ஏ.ஆர்.ரஹ்மான் 1989ல் தன் வீட்டோடு சேர்த்து ஒரு ஸ்டூடியோ கட்டியதும், 1992ல் 'ரோஜா' வந்ததும் நமக்குத் தெரியும். அன்றைக்கு அது செய்தி. இன்றைக்கு ஒரு லேப்டாப், சுமாரான ஒரு ஜோடி மானிட்டர், மூடிய ஒரு படுக்கையறை, அம்மா குக்கர் வைக்காத ஒரு மணி நேரம் - இவ்வளவு இருந்தால் ஸ்டூடியோ. சென்னையில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. வெளியில் போர்டு இல்லாததால் தெரிவதில்லை.

அப்படி ஒன்று மேற்கு மாம்பலத்தில், என் அக்கா வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஸ்தாபகர் அக்கா பையன். வயது 22, பி.காம். அத்தானுக்கு அவனை ஒரு ஆடிட்டரிடம் சேர்த்துவிட ஆசை. பி.காம். படித்தவனெல்லாம் ஆடிட்டராகத்தான் வேண்டும் என்று சட்டமில்லை என்பதற்கு நானே உயிருள்ள சாட்சி. அத்தானுக்கு அந்தச் சாட்சி போதவில்லை. என்னைப் பார்த்துத்தான் அவருக்குப் பயமே வந்திருக்கும் என்று அக்கா சொல்கிறாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஆறு மாதம் டைம். அதற்குள் இந்தச் சத்தத் தொழிலில் பையன் உருப்படியாக நாலு காசு பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆடிட்டர் ஆபீஸ், டை, டிபன் பாக்ஸ்.

மூன்று மாதம் குறும்படங்களுக்கு இலவசமாக வேலை பார்த்தான். 'பேர் போடறோம் ப்ரோ' என்பதுதான் சம்பளம். நான்காவது மாதம் முதல் நிஜ வேலை வந்தது. அம்மன் பாடல்கள் எட்டு. பாடியவர் ஒரு பள்ளிக்கூட மியூசிக் டீச்சர். ஆடி மாதத்துக்குள் வெளியிட வேண்டும், பத்து நாளில் மிக்ஸ் செய்து கொடுக்க வேண்டும், அட்வான்ஸ் கையில். பையன் அந்த அட்வான்ஸோடு சேமிப்பையும் சேர்த்து ஒரு ஜோடி மானிட்டர் வாங்கிவிட்டான். அத்தானிடம் விலையில் பாதியைச் சொன்னான். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

மூன்றாம் நாள் எனக்கு போன்.

"மாமா, ஸ்பீக்கர்ல மியூசிக்லாம் சூப்பரா வருது. ஆனா அவங்க குரலைக் காணோம்."

"யார் குரலை?"

"பாடறவங்க குரலை. மிருதங்கம் வருது, கீபோர்டு வருது. அம்மா, அம்மான்னு தூரத்துல கிணத்துக்குள்ளேர்ந்து கூப்பிடற மாதிரி ஏதோ கேக்குது. ஹெட்போன்ல போட்டா நல்லா வருது. ஸ்பீக்கரை ரிட்டர்ன் பண்ணிடவா? அப்பா வேற ஹால்லதான் இருக்காரு."

பண்ணாதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஏனென்றால் ஸ்பீக்கர்மேல் ஒரு தப்பும் இல்லை. இது புகழ்பெற்ற காணாமல் போகும் வித்தை. பத்திரிகையில் டெக்னாலஜி பக்கம் பார்த்த காலத்தில் ஒரு சவுண்ட் என்ஜினீயர் எனக்கு இதை நேரில் செய்தே காட்டியிருக்கிறார்.

மானிட்டரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் மூன்று விதமான ஓட்டைகள் இருக்கும். சிவப்பு, வெள்ளை வளையம் போட்டவை ஆர்.சி.ஏ. நம் வீட்டு வி.சி.டி. பிளேயருக்குப் பின்னால் இருந்தவற்றின் வம்சம். அடுத்தது 6.35 மில்லிமீட்டர் பருமனான ஜாக். 19ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் சொருகிச் சொருகி எடுத்தார்களே, அதன் நேர் வாரிசு. மூன்றாவது, மூன்று முள் வைத்த எக்ஸ்.எல்.ஆர். மேடைக் கச்சேரி மைக்குகளில் பார்த்திருப்பீர்கள். பழைய ஆட்கள் கம்பெனி பெயரை வைத்து 'கேனன்' என்பார்கள். லேப்டாப் பக்கம் பார்த்தாலோ ஒரே ஒரு பொடி ஓட்டை. 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் ஜாக். அதையும் போன்களில் அடைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆப்பிள் 2016ல் ஐபோன் 7ல் அடைத்தது. லேப்டாப்பில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஆக, பொடி ஓட்டையிலிருந்து பெரிய ஓட்டைக்குப் போக வேண்டும். பையன் ரிச்சி தெருவுக்குப் போய் இரண்டு முனையிலும் சரியாகப் பொருந்துகிற மாதிரி கேபிள் கேட்டிருக்கிறான். கடைக்காரர் இரண்டு கேபிளும், ஒன்றை இரண்டாக்கும் ஒரு பிரிப்பானும் எடுத்துப் போட்டு, "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, சொருகுனா பாடும்" என்று ஆசீர்வதித்து அனுப்பியிருக்கிறார். சொருகினான். பாடியது. பாடகி மட்டும் பாடவில்லை.

அந்த பிளக்கைக் கையில் எடுத்துக் கவனியுங்கள். உலோகத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். அதாவது மூன்று பகுதி: நுனி, வளையம், உடம்பு. ஹெட்போனில் நுனி இடது காதுக்கு, வளையம் வலது காதுக்கு, உடம்பு பொதுவான திரும்பு பாதை. லேப்டாப் அந்த வழக்கப்படிதான் அனுப்புகிறது. ஆனால் மானிட்டருக்கு அதே மூன்று பகுதிகளுக்கும் வேறு அர்த்தம். நுனியில் வருவது பாட்டு, வளையத்தில் வருவது அதே பாட்டின் தலைகீழ் நகல் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. நுனியிலிருந்து வளையத்தைக் கழித்து, வந்த விடையைப் பாடுகிறது. இங்கே அது கழித்தது எதை? இடதிலிருந்து வலதை.

பாட்டில் பாடகி நட்டநடுவில் நிற்கிறார். அதாவது இடதிலும் அவர் 10, வலதிலும் 10. பத்தில் பத்து போனால் பூஜ்யம். ஓரமாக உட்காரவைத்த மிருதங்கமும் கீபோர்டும் இரண்டு பக்கமும் சமமாக இல்லாததால் பிழைத்துக்கொண்டன. குரலுக்குச் சேர்த்த எதிரொலியும் இரண்டு பக்கமும் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். அதனால் அதுவும் பிழைத்தது. அதுதான் கிணற்றுக்குள்ளிருந்து வந்த 'அம்மா'. பாட்டிலிருந்து குரலை மட்டும் எடுத்து கரோக்கே செய்து தருகிறேன் என்று அந்தக் காலத்தில் சில பெட்டிகள் விற்றார்களே, உள்ளே நடந்தது இந்தக் கழித்தல்தான்.

பிளக் ஒன்று, வழக்கம் இரண்டு. கடைக்காரர் சொன்னது பொருந்துவதைப் பற்றி. பொருந்துவதெல்லாம் சரியாக இருக்கும் என்று அவர் உத்தரவாதம் தரவில்லை.

வைத்தியம் எளிது. 'ஒய்' கேபிள் என்று கேளுங்கள். ஒரு முனையில் 3.5 ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு 6.35 மோனோ. மோனோ பிளக்கில் ஒரே ஒரு கறுப்புக் கோடுதான் இருக்கும். இடது ஒரு ஸ்பீக்கருக்கு, வலது இன்னொன்றுக்கு. சில நூறு ரூபாய். வெறும் பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் மானிட்டர் வாங்கியிருக்கிறீர்களா, முதலில் இதைச் செய்யுங்கள். திருப்தியாக இருந்தால் அத்தோடு விடுங்கள். தங்க முலாம், ஆக்ஸிஜன் நீக்கிய தாமிரம் என்று இரண்டு மீட்டர் வயருக்கு நாலாயிரம் கேட்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். அந்தக் காசுக்கு இரண்டு மின்விசிறி வரும், அதுவாவது சுற்றும்.

ப்ளூடூத்தில் விட்டால் என்ன என்று அக்கா கேட்டாள். வயரே வேண்டாமே. கேட்பதற்குப் பரவாயில்லை. வேலைக்கு ஆகாது. குறுந்தகட்டில் ஒரு விநாடி பாட்டுக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத்தின் அடிப்படை முறை அதைச் சுமார் 328 கிலோபிட்டுக்குள் மடித்துத் திணிக்கிறது. மடிப்பு தெரியாமல் இஸ்திரி போட முடியுமா? அதைவிடத் தொந்தரவு, சத்தம் தாமதமாக வரும். சாதாரணமாக ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. திரையில் உதடு மூடிய பிறகு வசனம் வந்தால் டப்பிங் சீரியல் ஆகிவிடும். தப்பைக் காட்டிக்கொடுக்க ஒரு ஸ்பீக்கரை வாங்கி, அதற்குச் செய்தியை மென்று துப்பி அனுப்புவது என்ன நியாயம்?

ரிச்சி தெருவுக்கு மறுபடி ஒரு ஆட்டோ. ஒய் கேபிள் வந்தது. சொருகினோம். டீச்சர் குரல் கணீரென்று நடுவில் வந்து நின்றது. நல்ல குரல். அத்தான்கூட ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஆனால் பாட்டு முடிந்ததும் ஒரு சத்தம் முடியவில்லை. 'ம்ம்ம்ம்ம்' என்று, தூரத்தில் யாரோ தம்பூரா வைத்துக்கொண்டிருப்பதுபோல. சுருதி சேர்க்கத் தெரிந்தவர்கள் கேட்டால் மேற்கத்திய 'ஜி'க்குச் சற்று மேலே என்பார்கள். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை போய்த் திரும்புகிறது. அதன் குரல் அது. அமெரிக்காவில் 60 தடவை, அங்கே வேறு சுருதியில் முனகும்.

"சார்ஜரைப் பிடுங்கு" என்றேன். பிடுங்கினான். முனகல் நின்றது. மாட்டினான். மறுபடி ம்ம்ம். அதோடு இன்னொன்றும் சொன்னான். "சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப் மேல கை வெச்சா சுர்ருனு இருக்கும் மாமா. எப்பவுமே அப்படித்தான்."

அந்த 'எப்பவுமே'யை அப்போது யாரும் கவனிக்கவில்லை. முனகல்தான் பிரச்னை. லேப்டாப் சார்ஜருக்கு மூன்று பின். ஸ்பீக்கருக்கும் மூன்று பின். இரண்டின் எர்த்தும் சுவருக்குள் ஒரு வழியாகச் சேர்கிறது, நாம் சொருகிய ஆடியோ வயர் வழியாக இன்னொரு தடவை சேர்கிறது. ஒரு வட்டம் ஆகிவிட்டது. வட்டம் கிடைத்தால் கரன்ட் சும்மா இருக்குமா, கிரிவலம் கிளம்பிவிடும். அந்தக் கிரிவலத்தின் காலடிச் சத்தம் பாட்டோடு கலந்து ஸ்பீக்கருக்குள் போகிறது. 'கிரவுண்ட் லூப்' என்பது இதன் பெயர்.

அத்தான் உடனே அபார்ட்மென்ட்டின் ஆஸ்தான எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார். நல்ல மனிதர், அனுபவஸ்தர். ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டார். பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார்.

"எர்த் பின்னை ஒடச்சுடலாம் சார். சத்தம் டக்குனு நின்னுடும்."

இதில் வயிற்றைக் கலக்கும் விஷயம் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. சத்தம் நின்றுவிடும். வட்டம் அறுந்துபோகும் இல்லையா. நம் ஊர் மேடைகளில், கோயில் விழாக்களில், எத்தனையோ வீடுகளில் இப்படி உடைத்த பிளக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. முனகல் போனதும் 'ராசியான கை' என்று பெயரும் வாங்கிவிடுகிறார்கள்.

மூன்று பின் பிளக்கில் மேலே தனியாக, தடிமனாக, மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக ஒன்று இருக்கிறதே, பிரிட்டிஷ்காரன் காலத்திலிருந்து அப்படித்தான். நீளமாக வைத்ததற்குக் காரணம், சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். சாதாரண நாட்களில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஸ்பீக்கருக்குள் ஒரு வயர் விடுபட்டு அதன் உலோக முதுகைத் தொட்டுவிட்ட நாளில், 230 வோல்ட்டைப் பூமிக்கு இறக்கிவிட்டு, ஃபியூஸைப் போகவைத்து, ஆளைக் காப்பாற்றுவது அது. அதை உடைத்துவிட்டால் ஃபியூஸ் போகாது. ஸ்பீக்கர் பாடிக்கொண்டேதான் இருக்கும். முதுகில் 230 வோல்ட்டை வைத்துக்கொண்டு ஒரு கைக்காகக் காத்திருக்கும். வால்யூம் திருகும் ஸ்விட்சும் பல மானிட்டர்களில் எங்கே இருக்கின்றன? முதுகில். பையன் ஒரு நாளைக்கு இருபது தடவை கண்ணை மூடிக்கொண்டு பின்னால் தடவுகிற இடம். (கம்பெனியே இரண்டு பின் வைத்து அனுப்பும் சாதனங்கள் வேறு ஜாதி. அவற்றில் சதுரத்துக்குள் சதுரம் அடையாளம் இருக்கும். இரட்டைக் காப்பு செய்தது என்று பொருள். நாம் உடைத்து இரண்டாக்கியதற்கு அந்த அந்தஸ்து கிடையாது.)

"வேணாம்ணே. ஒடைக்காதீங்க" என்றேன். அத்தானுக்கு எரிச்சல். "மாப்ளே, அவரு முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்காரு."

"இருக்கட்டும் அத்தான். அண்ணே, ஒடைக்கிறது இருக்கட்டும், மொதல்ல இந்த சாக்கெட்ல எர்த் வருதான்னு பாருங்க."

"அதெல்லாம் இருக்கும் சார்."

"பாருங்களேன்."

மனமில்லாமல் டெஸ்ட் லாம்ப்பை எடுத்தார். ஹோல்டரில் குண்டு பல்பு, இரண்டு வயர். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார். எர்த் நன்றாக இருந்தால் அதே வெளிச்சத்தில் எரிய வேண்டும்.

எரியவே இல்லை.

அவர் முகம் மாறியது. வயரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இல்லை. ஹாலில் வைத்தார். சமையலறையில் பிரிட்ஜ் சாக்கெட், குளியலறைக்கு வெளியே கீசர் சாக்கெட், வாஷிங் மெஷின். ஒன்றிலும் இல்லை. மூன்று ஓட்டையும் அழகாக இருந்தது, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பூமி இல்லை. சாதனங்கள் லேசாகக் கசியவிடும் மின்சாரம் எல்லாம் பூமிக்குப் போக வழியில்லாமல் பச்சை வயரில் தேங்கி, வீட்டிலுள்ள எல்லா உலோக உடம்புகளுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. லேப்டாப்பின் 'சுர்'ருக்கு அர்த்தம் அது.

அக்கா அப்போதுதான் சர்வசாதாரணமாகச் சொன்னாள். "வாஷிங் மெஷின் மூடியைத் தொட்டாக்கூட சுள்ளுனு இருக்கும்டா. ஈரக் கையா இருந்தா கொஞ்சம் ஜாஸ்தி. நான் செருப்பு போட்டுண்டுதான் தொடுவேன்."

"எத்தனை நாளா?"

"நாளா? வாங்கினதிலிருந்து. ஏழெட்டு வருஷம் இருக்கும்."

அத்தான் பேசவில்லை. எலெக்ட்ரீஷியன் கட்டிங் பிளேயரைப் பைக்குள் வைத்துவிட்டார்.

எல்லோரும் கீழே இறங்கினோம். மீட்டர் போர்டுக்குக் கீழிருந்து பச்சை வயர் ஒன்று, வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னாலிருக்கும் எர்த் குழியைப் பார்த்துப் போகிறது. குழி மூடியைத் திறந்தால் உள்ளே குப்பையும் ஒரு செருப்பும். கரியும் உப்பும் போட்டு நட்ட குழாயின் தலை துருப்பிடித்து, போல்ட்டோடு கழன்று தனியாகக் கிடந்தது. வயர் பூமியைத் தொடவே இல்லை. எப்போதிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. கோடையில் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கட்டடம் கட்டியவர் சொன்னாராம். ஊற்றிய வாட்ச்மேன் ஊருக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டு கீசர்.

அன்று சாயங்காலமே அசோசியேஷன் கூட்டம். அந்த நாடகத்தை முழுதும் எழுதினால் இந்த வாரம் போதாது. 'இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே சார்' என்று ஒரு கட்சி. 'மூணாவது மாடில ஸ்பீக்கர் வெச்சா நாங்க ஏன் காசு குடுக்கணும்' என்று இன்னொரு கட்சி. அத்தான் எழுந்து நின்று, எங்க வீட்டம்மா ஏழு வருஷமா செருப்பு போட்டுக்கிட்டுத் துணி துவைக்கிறாங்க என்று மட்டும் சொன்னார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க வீட்லயும்" என்றார் ஒருவர். அதற்கப்புறம் வாக்குவாதம் எவ்வளவு தொகை என்பதில்தான். வீட்டுக்கு 1,800 ரூபாய் என்று முடிந்தது. புதுக் குழி, புது வயர். கூடவே வீட்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. போவதும் வருவதும் ஒரே அளவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தால், அதாவது யார் உடம்பு வழியாகவோ பூமிக்குக் கசிகிறது என்று பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் மொத்தத்தையும் நிறுத்திவிடும். இதன் விலை தனி. ஒன்பது வீடுகள் மாட்டின. மூன்று வீடுகள் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்றன.

வேலை முடிய ஒரு வாரம் ஆனது. அதுவரை அந்த வீட்டில் ஸ்பீக்கர் வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டு டைனிங் டேபிளில் வைத்தோம். ஒரு வாரம் அம்மன் எங்களோடு தங்கினாள். எட்டுப் பாட்டும் என் மனைவிக்கு இப்போது மனப்பாடம். எனக்கு ஐந்து.

பையன் நண்பனிடமிருந்து ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸை இரவல் வாங்கி வந்திருந்தான். புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டி. லேப்டாப்பின் யு.எஸ்.பி.யில் மாட்ட வேண்டும். பாட்டு எண்களாகவே வெளியே வந்து, அந்தப் பெட்டிக்குள் போய்த்தான் மின்னலையாக மாறும். லேப்டாப்பின் வயிற்றுக்குள் விசிறியும் ஹார்ட் டிஸ்கும் போடும் இரைச்சல் கலக்க இடம் குறைவு. மைக் மாட்டவும் வழி இருக்கும். அதைவிட முக்கியம், அதன் முதுகில் 'பேலன்ஸ்டு' வெளியீடு இருக்கும். ரொம்ப மலிவான சிலவற்றில் ஆர்.சி.ஏ. மட்டும்தான் இருக்கிறது, பார்த்து வாங்குங்கள்.

இந்த பேலன்ஸ்டு சமாசாரத்தை என்ஜினீயர்கள் சொல்லும்போது தலை சுற்றும். காமர்ஸ் படித்தவனுக்கு இது முதல் வருஷப் பாடம். வயருக்குள் இரண்டு கம்பிகள். ஒன்றில் பாட்டு: கூட்டல் 10. இன்னொன்றில் அதன் தலைகீழ் நகல்: கழித்தல் 10. வழியில் பிரிட்ஜ், லிஃப்ட் மோட்டார், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் சேர்ந்து இரண்டு கம்பிக்கும் பாரபட்சமில்லாமல் 3 இரைச்சலைப் போடுகின்றன. இப்போது முதல் கம்பியில் 13, இரண்டாவதில் கழித்தல் 7. ஸ்பீக்கர் முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கிறது. விடை 20. பாட்டு இரண்டு மடங்காகிவிட்டது, இரைச்சல் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாடகியைக் காணாமல் அடித்த அதே கழித்தல்தான். இங்கே அதற்குச் சரியான கணக்குக் கிடைத்திருக்கிறது. இரட்டைப் பதிவுக் கணக்கைப் பற்றி இத்தாலியில் பாச்சியோலி என்கிற பாதிரியார் 1494லேயே அச்சடித்துவிட்டார். டெலிபோன் வயரில் இரண்டு கம்பிகளை முறுக்கிவிட்டால் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழும் என்று கிரஹாம் பெல் 1881ல் பேடன்ட் வாங்கினார். நடுவில் முந்நூற்றுச் சொச்சம் வருஷம். ஒரு கணக்குப்பிள்ளையைக் கேட்டிருக்கலாம்.

இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அந்த இரண்டு கோடு போட்ட பிளக்தான் சொருக வேண்டும். பையன் முதலில் வாங்கி, காரியத்தைக் கெடுத்தது என்று மூலையில் போட்டிருந்தானே, அதே ஜாதி. கம்பி எல்லாம் ஒன்றுதான், யாரோடு சேர்கிறது என்பதில் இருக்கிறது என்றான் பையன். கடைக்காரர் சொன்னதும் ஒரு விதத்தில் சரியாகிவிட்டது.

இசையில் சம்பாதிக்கிறவர்கள் முதலிலேயே இன்டர்ஃபேஸுக்குப் பணம் ஒதுக்கிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஸ்பீக்கரில் ஒரு படி இறங்கியாவது. மற்றபடி இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணம், ட்வீட்டர் காது உயரத்தில், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி. ஸ்பீக்கரைக் கடைசியாகப் போடுங்கள், முதலில் அணையுங்கள். இல்லாவிட்டால் 'டம்' என்று ஒரு வெடி வெடிக்கும். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் வால்யூமைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மிக்ஸ் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. டீச்சர் கோபப்படவில்லை. எர்த் கதையைக் கேட்டுவிட்டு, தன் பள்ளிக்கூடத்தில் மைக் தொட்டால் உதட்டில் சுர்ரென்று ஏன் அடிக்கிறது என்று விசாரிக்கப் போவதாகச் சொன்னார். மீதிப் பணம் பையன் போனுக்கு வந்தது. அத்தான் தன் டைரியை எடுத்து, தேதி போட்டு, வரவு என்று எழுதி, அடியில் கோடு போட்டார். ஸ்பீக்கரின் நிஜ விலையை அப்போது சொல்லிவிடலாமா என்று பையன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது.

ஸ்பீக்கர்கள் மாம்பலம் திரும்பிவிட்டன. புது எர்த்தில் முனகல் இல்லை, லேப்டாப் சுர் இல்லை. குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அத்தான் ஏற்றுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பக்கெட்டோடு இறங்குகிறார். போன வாரம் போயிருந்தபோது அக்கா வாஷிங் மெஷினைப் போட்டுக்கொண்டிருந்தாள். காலில் செருப்பு.

"இப்பதான் ஒண்ணும் ஆகாதே அக்கா?"

"தெரியும்டா. பழகிடுச்சு."